லோ ஸ்பின், ஹை ஸ்பின்: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஊதாப்பொடி:
இரும்பு ட்ரையசோல் (ட்ரையசோல் என்ற நைட்ரஜன் வளையம் இரும்பு அயனிகளைச் சங்கிலியாகக் கோக்கும் சேர்மம்) செய்தவர்களுக்குத் தெரியும், டெட்ராஃபுளூரோபோரேட் உப்பு. ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பொடி. ஹாட் பிளேட்டில் 100 டிகிரி தாண்டியும் அசையவில்லை. 110 வாக்கில் ஓரத்திலிருந்து வெளுத்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழுக்க வெள்ளை. சரி, ஹை ஸ்பினுக்குப் போய்விட்டது (இரும்பின் டி எலக்ட்ரான்கள் முடிந்தவரை தனித்தனியே நிற்கும் நிலை; ஜோடி சேர்ந்து நின்றால் லோ ஸ்பின்). சூட்டைக் குறைத்தேன். 90-இலும் வெள்ளைதான்! 70-ஐ ஒட்டித்தான் நிறம் திரும்பியது. அப்படியானால் 90 டிகிரியில் அது எந்த நிலை? ஏறும்போது ஊதா, இறங்கும்போது வெள்ளை. ஈனியை (உலோகத்தைச் சுற்றிப் பிணைந்திருக்கும் மூலக்கூறு அல்லது அயனி) பார்த்தே ஸ்பின்னைச் சொல்லிவிடலாம் என்று படித்தவளுக்கு இது இன்னும் உறுத்துகிறது.

என்எம்ஆர்வாசி:
எனக்கு ஈவான்ஸ் முறை, அதாவது கரைசலின் காந்தத்தன்மையை என்எம்ஆர் கருவியில் அளப்பது. இரும்பு(II) அணைவு, கரைசலில். காந்தத் திருப்புத்திறன் (ஜோடி சேராத எலக்ட்ரான்கள் கூடினால் இதுவும் கூடும்) 3.4 போர் மேக்னடான். ஹை ஸ்பின் என்றால் 4.9-ஆவது வர வேண்டும், லோ ஸ்பின் என்றால் பூஜ்ஜியம். "எடை போட்டதில் தப்பு" என்று வைவாவில் தேர்வாளர் முடித்துவிட்டார். குளிரக் குளிர மதிப்பு சீராக இறங்கும் வரைபடம் என் கையிலேயே இருந்தது. வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு நிலையும் சமநிலையில் கலந்திருந்தன, அவ்வளவுதான்.

கூய்தராசு:
என் கதை சின்னது. கூய் தராசில் காந்தப்புலத்தைப் போட்டதும் மோர் உப்பு கனத்தது (ஹை ஸ்பின், புலம் இழுத்தது), பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடு லேசானது (லோ ஸ்பின், புலம் தள்ளியது). இரண்டிலும் அதே இரும்பு(II), அதே ஆறு டி எலக்ட்ரான்கள்.
ஊதாப்பொடிக்கு: ஈனி மட்டும் போதாதம்மா, திடப்பொருளில் அவை அடுக்கப்பட்டிருக்கும் விதத்தையும் பார்க்க வேண்டும். ஹை ஸ்பினுக்குப் போகும்போது இரும்பு-நைட்ரஜன் பிணைப்பு சுமார் 0.2 ஆங்ஸ்ட்ராம் நீளும். சங்கிலியில் ஓர் இரும்பு பருத்தால் பக்கத்து இரும்பையும் நெம்பும். அதனால்தான் எல்லாம் சேர்ந்தே மாறுகின்றன, திரும்பவும் தயங்குகின்றன. கரைசலில் அந்தப் பிடிப்பு கிடையாது. என்எம்ஆர்வாசிக்கு மெல்ல இறங்கியது அதனால்தான். அப்புறம் தம்பி, டயாகாந்தத் திருத்தம் (ஜோடி எலக்ட்ரான்களைப் புலம் லேசாகத் தள்ளுவதற்கான கணக்கு) போட்டீர்களா? குளிரில் கரைப்பானின் அடர்த்தி கூடும், செறிவும் கூடும், அதையும் சேர்க்க வேண்டும். தேர்வாளர் சொன்னதையும் ஒரேயடியாகத் தள்ள முடியாது. எடையில் சின்னப் பிழை இருந்தாலும் ஈவான்ஸ் காட்டிக்கொடுக்கும்.

என்எம்ஆர்வாசி:
ஐயா, திருத்தம் போட்டாயிற்று. எடை தப்பென்றால் எல்லா வெப்பநிலையிலும் ஒரே விகிதத்தில் அல்லவா தப்ப வேண்டும்? வளைவு எங்கிருந்து வந்தது?

நெட்மூன்றாம்முறை:
"நீர் வலுவற்ற ஈனி, கண்ணை மூடிக்கொண்டு ஹை ஸ்பின் போடு" என்று கோச்சிங்கில் சொன்னார்கள். கோபால்ட்(III)-ஐச் சுற்றி ஆறு நீர் மூலக்கூறுகள்: டயாகாந்தம், அதாவது லோ ஸ்பின்! அங்கே ஹை ஸ்பின் வேண்டுமென்றால் ஆறு ஃபுளூரைடு வேண்டும். மதிப்பெண் போனது போனதுதான். ஊதாப்பொடி அக்கா, அந்த வெளுக்கிற வீடியோ இருந்தால் போடுங்களேன்.