சாரல் காலத்தில் ஏர்பிரஷ்: எந்த பெயின்ட், எந்த கம்ப்ரசர்?

புளியரை_கிட்:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் புளியரை, செங்கோட்டை பக்கம். எங்கள் ஊர் தாண்டி மலை ஏறினால் ஆரியங்காவு.

இதுவரை பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிக் கட்டுகிற டாங்கி மாடல் கிட்டுகள் மட்டும்தான் கட்டியிருக்கிறேன், பெயின்ட் எல்லாம் கைப்பிரஷில். டாங்கிக்குச் சேறு, துரு என்று ஏதாவது பூசிப் பிரஷ் தடத்தை மறைத்துவிடலாம். இப்போது கையில் இருப்பது 1/72 மிக்-21 போர் விமானம், அதாவது நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு அளவு. அப்பா விமானப்படையில் டெக்னீஷியனாக இருந்தவர், இந்த விமானத்தின் என்ஜினில் வேலை பார்த்தவர். 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21க்கு விடை கொடுத்தார்கள் அல்லவா, அதை டிவி முன்னால் உட்கார்ந்து கடைசி வரை பார்த்தார். அவருக்குக் கொடுக்கத்தான் இதைக் கட்டுகிறேன். பச்சை, பழுப்பு எதுவும் வேண்டாம், ஆரம்பத்தில் வந்தவை போல வெறும் அலுமினியப் பளபளப்பில் வேண்டும் என்கிறார்.

அதற்குக் கம்ப்ரசர் காற்றால் பெயின்டைத் தூவுகிற ஏர்பிரஷ் இல்லாமல் முடியாது என்று புரிகிறது. பன்னிரண்டாயிரம் வரை செலவு செய்யலாம். என் சந்தேகங்கள்: தண்ணீர் பெயின்டா, தின்னரில் கரைக்கிற லாக்கரா? கையில் பிடிக்கிற ரீசார்ஜ் கம்ப்ரசர் வைத்த ஏர்பிரஷ் நிறைய விற்கிறார்கள், அது போதுமா? அத்தான் சிங்கப்பூரிலிருந்து அடுத்த மாதம் வருகிறார், அவரிடம் என்ன வாங்கிவரச் சொல்லலாம்? இன்னொன்று, இங்கே ஜூன் பிறந்தால் ஆகஸ்ட் முடியச் சாரல்தான். கொடியில் போட்ட துணியே காய்வதில்லை. அந்த ஈரத்தில் பெயின்ட் அடிக்கலாமா?

நகரி_எனாமல்:

தம்பி, நான் ஆந்திர எல்லையில் இருக்கிறேன், உங்களுக்கு நேர் எதிர்க் கஷ்டம். சித்திரை வைகாசியில் அக்ரிலிக் (தண்ணீர் பெயின்ட்) அடித்தால் ஏர்பிரஷ் கன்னிலிருந்து கிளம்பிய பெயின்ட் மாடலைத் தொடுவதற்குள் காற்றிலேயே காய்ந்து, தூள் தூளாகப் போய் ஒட்டும். தடவிப் பார்த்தால் சொரசொரப்பு. ஊசி நுனியிலும் காய்ந்து அடைக்கும். அதனால் விடிகாலையில் மட்டும் அடிப்பேன், பெயின்டில், காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சில சொட்டு விடுவேன்.

எனக்குப் பிடித்தது எனாமல், எண்ணெய் வகைப் பெயின்ட். ஹம்பிரால் 14 மில்லி டப்பா ஒன்று பல கிட்டுக்கு வரும், நிதானமாகக் காய்வதால் தடமும் தானே படிந்துவிடும். ஆனால் உலோகப் பளபளப்புக்கு நான் எனாமலைச் சொல்லமாட்டேன். டமியாவின் ஏ.எஸ்-12 என்ற சில்வர் ஸ்பிரே டப்பா கிடைத்தால் ஒரு டப்பாவிலேயே உங்கள் மிக் முடிந்துவிடும். ஏர்பிரஷ் செலவே வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை_பெயின்டர்:

தம்பி, எனக்குத் தொழிலே கார் பெயின்டிங். முன்பு புனலூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் இருந்தேன், அதனால் உங்கள் ஊர்ச் சாரல் எனக்குத் தெரியும். இப்போது பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் தூசியோடு மல்லுக்கட்டுகிறேன். நகரிக்காரர் சொன்ன ஏ.எஸ்-12 நல்ல சரக்குதான். ஆனால் ஸ்பிரே டப்பாவில் அழுத்தத்தைக் குறைக்க முடியாது. 1/72 மிக்கின் பேனல் கோடுகள் மயிரிழை அளவு, ஒரு கை கூடினால் மூடிப்போகும். அப்பாவுக்குக் கொடுக்கிற பொருள் என்பதால் ஏர்பிரஷே வாங்குங்கள்.

எல்லோரும் முதலில் கன் எது என்று கேட்பார்கள். உங்கள் ஊருக்கு முதல் கேள்வி காற்று. கம்ப்ரசர் காற்றை அமுக்கும்போது காற்று சூடாகும், குழாயில் போகப் போக ஆறும். ஆறும்போது அதில் இருக்கிற ஈரம் தண்ணீராகப் பிரியும். சாரல் நாளில் அந்தத் தண்ணீர் கன் வழியாகப் பொத்தென்று ஒரு சொட்டு வந்து விழுந்தால், அடித்துவைத்த பளபளப்பு அங்கேயே போச்சு. அதனால் 3 லிட்டர் டேங்க், அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர், ஈரத்தைப் பிடிக்கும் மாய்ஸ்ச்சர் டிராப் மூன்றும் சேர்ந்த ஆயில் இல்லாத கம்ப்ரசர் வாங்குங்கள். ஏ.எஸ்-186 என்ற பெயரில் பல கம்பெனிகள் விற்கும் வகை அதுதான். கூடவே கன்னுக்கு அடியில் மாட்டுகிற சின்ன டிராப் ஒன்றும் வாங்கிவிடுங்கள். ரீசார்ஜ் கம்ப்ரசர் உங்களுக்கு வேண்டாம். டேங்க் கிடையாது, காற்று துடித்துத் துடித்து வரும், ஈரத்தைப் பிடிக்க இடமும் இல்லை.

பெயின்ட் எடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். துடைத்த எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்து, காலி கன்னால் வெறும் காற்றை அதன் மேல் நிமிடக்கணக்கில் ஊதுங்கள். தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். புள்ளி புள்ளியாக நீர் தெரிந்தால் அன்றைக்கு டிராப்பை வடித்துவிட்டு மறுபடி பாருங்கள், அப்போதும் தெரிந்தால் வேலையை நிறுத்திவிடுங்கள். வேலை முடிந்ததும் டேங்க் அடியில் இருக்கிற திருகைத் திறந்து தண்ணீரை வெளியே விடுவதும் முக்கியம். இல்லாவிட்டால் உள்ளே துருப்பிடிக்கும்.

அடுத்து பெயின்ட். லாக்கர்தான் உலோகப் பளபளப்புக்கு ராஜா, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதன் தின்னர் சட்டென்று ஆவியாகும்போது அடித்த இடம் குளிர்ந்துவிடும், சுற்றியுள்ள ஈரம் அதன் மேல் படியும், காய்ந்ததும் வெள்ளை பூத்து நிற்கும். எங்கள் பட்டறைகளில் மழைக்காலத் தலைவலியே இதுதான். மிஸ்டர் கலர் லெவலிங் தின்னரில் ரிடார்டர் சேர்ந்தே இருப்பதால் அது கொஞ்சம் காப்பாற்றும். லேசாகப் பூத்துவிட்டாலும் அதே தின்னரை மட்டும் மேலே மெல்லத் தூவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

முதல் ஏர்பிரஷ், சாரல் ஊர், வீட்டுக்குள் வேலை என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் உங்களுக்கு நான் சொல்வது வயேஹோ மெட்டல் கலர். தண்ணீர் பெயின்ட், 32 மில்லி பாட்டில், தின்னர் சேர்க்காமல் அப்படியே கப்பில் ஊற்றலாம். 77.701 அலுமினியம் உடம்புக்கு. என்ஜின் பக்கத்துத் தகடுகளுக்கு ஒரு படி கறுத்த ஷேடு ஒன்று வாங்குங்கள். அப்பா என்ஜினில் வேலை பார்த்தவர், வால் பக்கம் சூட்டில் நிறம் மாறியிருப்பதை அவரிடமே கேட்டு அடியுங்கள். எல்லாம் ஒரே வெள்ளியாக இருந்தால் அவர் கண்ணுக்குத்தான் முதலில் படும்.

இதற்கு அடியில் பளபளப்புக் கறுப்பு கட்டாயம். அதே கம்பெனியின் 77.660 கிளாஸ் பிளாக் பிரைமர் இதற்கென்றே செய்தது. கறுப்பு எவ்வளவு வழவழப்போ உலோகமும் அவ்வளவுதான். ஒட்டுப் பசை வழிந்த இடம், உப்புத்தாள் கீறல் எல்லாம் சில்வர் ஏறினால் பத்து மடங்காகத் தெரியும். அதனால் கட்டி முடித்த பிறகு 2000 நம்பர் வாட்டர் பேப்பர் வரை தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு ஆரம்பியுங்கள். கறுப்பு அடித்து ஒரு நாள் முழுக்க விடுங்கள், சாரலில் இரண்டு நாள். அட்டைப்பெட்டிக்குள் ஒரு சின்ன குண்டு பல்பை மாடலில் இருந்து தள்ளி எரியவிட்டால் ஈரம் ஏறாது. கை வைத்தால் இளஞ்சூடு தெரிந்தால் போதும், அதற்கு மேல் போனால் பிளாஸ்டிக் வளையும்.

கன் பற்றிக் கடைசியாகச் சொல்கிறேன். டபுள் ஆக்‌ஷன் (ஒரே விசையை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயின்ட்), மேலே கப் வைத்தது, 0.3 மில்லிமீட்டர் நாசில் (பெயின்ட் வெளிவரும் துளை). விமானத்துக்கும் சரி, டாங்கிக்கும் சரி, அது ஒன்றே போதும். 0.2 முகம் வரைபவர்களுக்கு, உங்களுக்கு அடைப்புதான் மிச்சம். ஐவாட்டா நியோ 0.35, கிரியோஸின் பி.எஸ்-289 0.3, இரண்டில் எது கிடைத்தாலும் நல்லது. கம்ப்ரசரோடு சேர்ந்து வரும் சீனக் கன்னிலும் கற்கலாம், ஆனால் அதன் ஊசி, நாசில் தனியாகக் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள். ஊசி நுனி கீழே விழுந்து வளைந்தால் பெயின்ட் ஒரு பக்கமாகப் பீச்சும், மாற்று ஊசி இல்லாத கன் அதோடு பெட்டிக்குள் போய்விடும்.

அத்தானிடம் கன்னும் ஒரு செட் ஊசி, நாசிலும் மட்டும் சொல்லுங்கள். லாக்கர், எனாமல், தின்னர், ஸ்பிரே டப்பா எதையும் விமானத்தில் கொண்டுவரச் சொல்லாதீர்கள். தீப்பிடிக்கும் சரக்கு என்று பிடுங்கிவிடுவார்கள், அவருக்கு வீண் தொந்தரவு.

புளியரை_கிட்:

ரொம்ப நன்றி அண்ணாச்சி. என்ஜின் தகடு பற்றி அப்பாவிடம் கேட்டேன். எந்த இடம் நீலம் பாய்ந்திருக்கும், எந்த இடம் வைக்கோல் நிறம் என்று பேப்பரில் வரைந்தே கொடுத்துவிட்டார்!

இன்னும் இரண்டு சந்தேகம். பிரஷர் எவ்வளவு வைக்க வேண்டும்? தென்காசியில் கார் பெயின்ட் கடையில் என்.சி. தின்னர் லிட்டர் கணக்கில் மலிவாகக் கிடைக்கிறது, அதைப் பயன்படுத்தலாமா?

கொழிஞ்சாம்பாறை_பெயின்டர்:

மெட்டல் கலருக்கு 12 முதல் 15 பி.எஸ்.ஐ. பிரைமருக்கு 20 பக்கம். மாடலுக்கும் கன்னுக்கும் இடையில் நாலு விரல் தூரம், ஈரம் தெரியாத மெல்லிய பூச்சாக மூன்று நான்கு தடவை. ஒரே இடத்தில் நின்றால் ஒழுகும். சாதாரண அக்ரிலிக்கோ லாக்கரோ அடிக்கும் நாள் வந்தால் பால் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள்.

என்.சி. தின்னர் மாடலில் வேண்டாம். அதில் இருக்கிற சரக்கு கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கரைக்கும், கோடுகள் மழுங்கி மேல்தோல் வெடிக்கும். லாக்கர் ஓட்டிய கன்னின் உலோகப் பாகங்களை ஊறவைத்துக் கழுவ நல்லது, அதற்கும் முன்னால் ரப்பர் வாஷர்களைக் கழற்றிவிட வேண்டும். வயேஹோ பெயின்டுக்குள் இந்தத் தின்னரோ ஸ்பிரிட்டோ ஒரு சொட்டு விழுந்தாலும் திரிந்து பிசினாகி நாசிலை அடைக்கும். முதலில் தண்ணீர், பிறகு அதே கம்பெனி கிளீனர், அவ்வளவுதான்.

கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பன்னிரண்டாயிரத்தில் முகமூடிக்கு முதலில் பணம் எடுத்து வையுங்கள். துணி மாஸ்க், ஆஸ்பத்திரி மாஸ்க் எல்லாம் தின்னர் வாடையைத் தடுக்காது. தின்னர் ஆவியைப் பிடிக்கும் ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜும் பெயின்ட் துகளைப் பிடிக்கும் ஃபில்டரும் போட்ட அரைமுக மாஸ்க் வேண்டும், தண்ணீர் பெயின்டுக்கும் அதையே போடுங்கள். கார் பெயின்ட் கடையில் 2கே கிளியர் என்று ஒரு மேல்பூச்சை ஹார்டனரோடு தருவார்கள், கண்ணாடி போலப் பளபளக்கும். அதை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. ஹார்டனரில் இருக்கிற ஐசோசயனேட் மூச்சில் போனால் ஆஸ்துமா வரும், எங்கள் தொழிலில் இளைப்பு வந்து கன்னைக் கீழே வைத்தவர்களை எனக்குத் தெரியும். சாரல் என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு அடிக்காதீர்கள், ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வெளியே இழுக்கட்டும்.

மார்த்தாண்டம்_மாடலர்:

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். சில்வர் அடித்த பிறகு மூக்குக் கூம்பின் பச்சைக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுவீர்கள். ஒட்டுவதற்கு முன் டேப்பை உள்ளங்கையில் ஓரிரு தடவை ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்துக்கொள்ளுங்கள், எங்கள் ஊர் ஈரத்தில் சில்வர் டேப்போடு உரிந்து வரும். இல்லாவிட்டால் கூம்பைத் தனியாக அடித்துக் கடைசியில் ஒட்டுங்கள், நான் அப்படித்தான் செய்வேன்.

புளியரை_கிட்:

கூம்பு இந்தக் கிட்டில் தனிப் பாகம்தான், அப்படியே செய்கிறேன். மாஸ்க், கம்ப்ரசர் இன்றைக்கே ஆர்டர் போட்டுவிட்டேன், அத்தானிடம் பி.எஸ்-289 சொல்லியாயிற்று. கறுப்பு அடித்ததும் படம் போடுகிறேன், குறை இருந்தால் சில்வர் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.