கண்ணின் முன்புறத் தெளிந்த படலமான கார்னியாவின் அழற்சிக்கு, மருத்துவக் கோப்பில் நோய்க் குறியீடு போட்டபோது நீங்கள் சறுக்கிய இடம் எது?

நானே தொடங்கிவைக்கிறேன். கண் மருத்துவக் கோப்புகள் கைக்கு வந்த புதிதில், கெராடைட்டிஸ் என்ற சொல்லைக் கண்டாலே என் விரல் தானாக எச்16-க்குப் போய்விடும். நோய்க் குறியீட்டுப் பட்டியலின் அமெரிக்கப் பதிப்பான ஐசிடி-10-சிஎம்மில் கார்னியா அழற்சி இருக்கும் இடம் அதுதான் என்று மனப்பாடம் செய்திருந்தேன். ஒரு கோப்பில் மருத்துவர் "வலது கண், கிளை வடிவக் கார்னியாப் புண்" என்று எழுதியிருந்தார். புண்ணுக்கு எச்16.0, வலது கண்ணுக்குக் கடைசியில் 1. எச்16.001 என்று போட்டுவிட்டு, வேகமாக முடித்த பெருமையோடு அடுத்த கோப்பைத் திறந்தேன்.

மறுநாளே தணிக்கையிலிருந்து திரும்பி வந்துவிட்டது. அகரவரிசைப் பட்டியலில் கார்னியாப் புண்ணுக்குக் கீழேயே கிளை வடிவத்துக்கென்று தனி வரி இருக்கிறது. அது நம்மை பி00.52-க்கு அனுப்புகிறது. மரக்கிளை போலப் பிரியும் அந்தப் புண் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸின் வேலை. எனவே குறியீடும் கண் அத்தியாயத்தை விட்டுத் தொற்றுநோய் அத்தியாயத்துக்குப் போய்விடுகிறது. திருத்த உட்கார்ந்தவன், வலது கண்ணுக்கான இலக்கத்தைத் தேடி அரை மணி நேரத்தை வீணாக்கினேன். பி00.52-இல் வலது, இடது என்ற பேச்சே கிடையாது! எச்16-இல் பக்கத்தை விட்டால் திட்டு வாங்கிப் பழகியவனுக்கு அது நம்பமுடியாததாக இருந்தது.

அன்றிலிருந்து, புண்ணுக்குக் காரணம் எழுதியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். அக்கி வைரஸ் என்றால் பி02.33, அகந்தமீபா என்ற ஒருசெல் உயிரி என்றால் பி60.13, காசநோய் என்றால் ஏ18.52. ஆனால் பூஞ்சைப் புண் மட்டும் எச்16.06 என்று வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. இந்த ஓரவஞ்சனை ஏனென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

*

முந்தைய பதிவில் பூஞ்சை என்றதும் என் கதை நினைவுக்கு வருகிறது. புறநோயாளிக் கோப்பு. "வலது கார்னியாவில் புண், பூஞ்சையாக இருக்கலாம்." நான் எச்16.061 போட்டேன். புறநோயாளிக்கு "இருக்கலாம்", "சந்தேகம்" என்று எழுதியதை உறுதியான நோயாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஆடிட்டர் திருப்பிவிட்டார். அவர் சொன்னது சரிதான். புண் உறுதி, பூஞ்சை உறுதியில்லை; அன்றைக்கு எச்16.001-தான். சுரண்டி எடுத்த மாதிரியில் பூஞ்சை தெரிந்து, அடுத்த வருகையில் மருத்துவர் அதை எழுதிய பிறகே 061 போட்டேன். உள்நோயாளியாக இருந்து, வீடு திரும்பும்போதும் "இருக்கலாம்" என்றே எழுதியிருந்தால் விதி நேர்மாறு. இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பவர்களுக்குத் தலை சுற்றாமல் இருந்தால்தான் வியப்பு.

*

எனக்கு வெல்டிங் தொழிலாளி ஒருவரின் கோப்பு. பகலில் கண்ணாடி அணியாமல் வேலை பார்த்திருக்கிறார். இரவில்தான் இரண்டு கண்ணிலும் மணல் கொட்டியது போல் உறுத்தல். ஒளியால் வந்த அழற்சி. எச்16.131, எச்16.132 என்று கண்ணுக்கு ஒன்றாகப் போட்டுவைத்தேன். இரு கண்ணுக்கும் சேர்த்து எச்16.133 இருக்கும்போது இது தவறு. வெல்டிங் ஒளிக்கான டபிள்யூ89.0எக்ஸ்எக்ஸ்ஏ-யையும் விட்டிருந்தேன்.

*

முதல் பதிவுக்காரர் வலது கண்ணா, இடது கண்ணா என்பதைப் பற்றிச் சொன்னதால் இது. ஒரு கோப்பில் பரிசோதனைக் குறிப்பு ஓஎஸ், அதாவது இடது கண். மருந்துச் சீட்டில் ஓடி, வலது. உடன் வேலை பார்ப்பவர், "எச்16.009 போட்டு நகர்த்துங்கள்" என்றார். எந்தக் கண் என்று குறிப்பிடாத அந்த 9-ஐப் போட எனக்கு மனம் வரவில்லை. மருத்துவருக்குக் கேள்வி அனுப்பினேன். இடது கண்தான் என்று ஒரே வரியில் பதில் வந்தது. சீட்டையும் அன்றே திருத்தி, நோயாளியைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார்களாம். அதுவரை அவர் எந்தக் கண்ணில் சொட்டு விட்டார் என்று கோப்பில் இல்லை.