பள்ளியில் பரிணாமம், ஞாயிறு பள்ளியில் ஆதியாகமம்: பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

கேள்வி: ஒரு தாய், பாளையங்கோட்டை

அனைவருக்கும் வணக்கம். எங்களுடையது தலைமுறைகளாகச் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த குடும்பம். மகள் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். மகன் ஒன்றாம் வகுப்பு. மகளுக்கு இப்போது அறிவியலில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் பற்றிய பாடம் நடக்கிறது. அதே வாரத்தில் ஞாயிறு பள்ளியில் ஆதியாகமம் முதல் அதிகாரம் நடந்ததால், இரண்டில் எது சரி என்று அவள் அங்கே கேட்டிருக்கிறாள். "பரீட்சைக்குப் புத்தகத்தில் உள்ளபடி எழுதிவிடு, மனதில் வேத வசனத்தை வைத்துக்கொள்" என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து, "அப்படியானால் பரீட்சையில் நான் எழுதப்போவது பொய்யா அம்மா?" என்று கேட்டாள். மகனோ, ஆதாம் எந்த டைனோசருக்குப் பெயர் வைத்தார் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.

நான் கர்த்தரை விசுவாசிக்கிறவள். பிள்ளைகளும் அந்த விசுவாசத்தில் வளர வேண்டும் என்று ஜெபிக்கிறவள். அதற்காக அறிவியலை அவர்களிடமிருந்து மறைக்க எனக்கு மனமில்லை. இதே நிலையைக் கடந்து வந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர், அரியலூர்

அம்மா, அவள் எழுதப்போவது பொய் இல்லை என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். "பரீட்சைக்கு ஒன்று, மனதுக்கு ஒன்று" என்ற அறிவுரையை என் பணிக்காலம் முழுவதும் எல்லா மதத்து வீடுகளிலிருந்தும் கேட்டு வந்திருக்கிறேன். அது அறிவியலை விடைத்தாளில் கொட்டிவிட்டு மறக்க வேண்டிய ஒன்றாக ஆக்குகிறது. கேள்வி கேட்டால் தாங்காத ஒன்றாக இறைநம்பிக்கையையும் பிள்ளையின் கண்ணில் காட்டிவிடுகிறது. மத்தியப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு நூலிலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டபோது, 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் 2023இல் எதிர்ப்புத் தெரிவித்துக் கையெழுத்திட்டார்கள். நம் மாநிலப் பாடநூலில் அந்தப் பாடம் இருப்பது உங்கள் மகளுக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. அவள் அதை முழுமனதோடு படிக்கட்டும்.

மனிதன் இன்றைய குரங்கிலிருந்து வந்தான் என்று அறிவியல் சொல்லவில்லை என்பதையும் விளக்குங்கள். சுமார் 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு மனிதருக்கும் சிம்பன்சிக்கும் பொதுவான மூதாதை உயிரினம் ஒன்று வாழ்ந்தது என்பதே கருத்து. அதற்கான சான்று எலும்புகளோடு நின்றுவிடவில்லை. சிம்பன்சிக்கு 24 ஜோடி குரோமோசோம்கள், நமக்கு 23. எங்கே போயிற்று அந்த ஒரு ஜோடி என்று தேடினால், நம்முடைய இரண்டாவது குரோமோசோம் இரண்டு குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டிக்கொண்டு உருவானது என்பது தெரிகிறது. ஒட்டிய இடத்தின் அடையாளம் இன்றும் அதன் நடுப்பகுதியில் உள்ளது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும்.

முடிந்தால் இருவரையும் எங்கள் பக்கம் அழைத்து வாருங்கள். பெரம்பலூரை அடுத்த காரை கிராமத்தின் செம்மண் ஓடைகளில் மாணவர்களை நிறுத்தி, காலடியைப் பார்க்கச் சொல்வேன். அம்மோனைட் என்ற, அழிந்துபோன கடல் உயிரியின் சுருள் சுருளான ஓடுகளின் பதிவுகளையும் கிளிஞ்சல் துண்டுகளையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள். கடல் எங்கோ இருக்க, இவை இங்கே எப்படி வந்தன என்று அடுத்த கேள்வி தானாகப் பிறக்கும். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு முடிந்த கிரெட்டேசியஸ் காலத்தில் இந்த நிலம் கடலுக்கடியில் இருந்தது. அரியலூர்ச் சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் கிடைப்பதும் அந்தக் கடலால்தான்.

பதில்: மறைக்கல்வி ஆசிரியர், தூத்துக்குடி

சகோதரி, நாங்கள் கத்தோலிக்கர். நீங்கள் ஆதியாகமம் என்பதை நாங்கள் தொடக்க நூல் என்கிறோம். உங்கள் மகளோடு அமர்ந்து அதன் முதல் இரண்டு அதிகாரங்களையும் மெதுவாக வாசியுங்கள். முதல் அதிகாரத்தில் செடிகொடிகளும் விலங்குகளும் முதலில் வருகின்றன, மனிதர் கடைசியில். இரண்டாம் அதிகாரத்திலோ மனிதன் முதலில் உருவாக்கப்படுகிறான், தோட்டமும் விலங்குகளும் அதன் பிறகு வருகின்றன. இவ்விரண்டையும் அருகருகே வைத்துத் தொகுத்தவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியாமல் இருந்திருக்க முடியாது. கால வரிசையைச் சொல்வதைக் காட்டிலும், படைத்தவர் யார், மனிதருக்கும் மண்ணுக்கும் உள்ள உறவு என்ன என்பதைச் சொல்வதே அவர்களுடைய நோக்கம் என்று நான் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறேன். சூரியன் நான்காம் நாளில்தான் படைக்கப்படுகிறது என்றால் அதற்கு முந்தைய நாள்கள் எத்தகையவை என்று, டார்வினுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே புனித அகுஸ்தீனார் ஆராய்ந்திருக்கிறார். ஆகவே இந்தக் கேள்வியை எழுப்பும் பிள்ளை விசுவாசத்தை விட்டு விலகிவிடவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிரபஞ்சம் விரிவடைகிறது என்று 1927இல் எழுதியவரும், பின்னர் பெருவெடிப்புக் கொள்கைக்கு அடித்தளம் இட்டவருமான ஜார்ஜ் லெமைத்ர் பெல்ஜியத்தைச் சேர்ந்த குருவானவர். 1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அக்கொள்கையைப் படைப்புக்குச் சான்றாகக் காட்டுவதுபோல் பேசியபோது, அதில் மகிழ்ச்சியடையாதவர் லெமைத்ர்தான். அறிவியல் கொள்கை நாளை மாறக்கூடும், விசுவாசத்தை அதன்மேல் கட்டக் கூடாது என்ற தெளிவு அவரிடம் இருந்தது. நம் பிள்ளைகளுக்கும் அந்தத் தெளிவு வேண்டும்.

சிறுவனுக்கு இவ்வளவு தேவையில்லை. டைனோசர்களைப் பற்றி வேதாகமம் பேசவில்லை, பூமியில் கிடைத்த எலும்புகளிலிருந்து அவற்றை அறிகிறோம், மனிதர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே அவை அழிந்துவிட்டன என்று சொன்னால் போதும். எதை எங்கிருந்து அறிந்தோம் என்று சேர்த்துச் சொல்லும் பழக்கம் இந்த வயதிலேயே வரட்டும்.

பதில்: இரு பிள்ளைகளின் தந்தை, ஸ்ரீரங்கம்

அரியலூர் ஐயா அம்மோனைட்டைக் குறிப்பிட்டதால் எழுதுகிறேன். எங்கள் பூஜையறையில் நாள்தோறும் திருமஞ்சனம் கண்டருளும் சாளக்கிராமம் நேபாளத்தின் கண்டகி நதியில் கிடைப்பது. திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த திவ்யதேசம் அது. அதன் வாய்க்குள் தெரியும் சக்கரத்தை என் மகன் அருங்காட்சியகத்தில் கண்ட அம்மோனைட்டோடு ஒப்பிட்டு, இது பெருமாளா, கடல் உயிரியா என்று கேட்டான். இமயம் எழுவதற்கு முன் அங்கிருந்த டெத்திஸ் கடலில் வாழ்ந்த உயிரியின் ஓடு இது என்பதும், இந்த வடிவத்தில் எம்பெருமானை ஆராதிக்கிறோம் என்பதும், இரண்டும் உண்மை என்றேன். மறுநாள் தீர்த்தம் வாங்கும்போது அவன் முன்பைவிட உன்னிப்பாக அதைப் பார்த்தான்.

எங்கள் பக்கத்தில் உள்ள சிக்கல் வேறு. தசாவதாரமே பரிணாமக் கொள்கை, மச்சம் நீர்வாழ்வன, கூர்மம் நிலநீர்வாழ்வன என்று வாட்ஸ்அப்பில் வருவதைப் பெரியவர்கள் பெருமையோடு பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். ஆமை ஊர்வன வகையைச் சேர்ந்தது என்பதை ஏழாம் வகுப்புப் பிள்ளையே திருத்திவிடும். அதைவிட எனக்கு வருத்தம் தருவது, பகவான் இரங்கி இறங்கி வந்தார் என்ற அவதாரத் தத்துவம் இந்த ஒப்பீட்டில் காணாமல் போய்விடுவதுதான். ஆகவே எங்கள் வீட்டில் அந்த ஒப்பீட்டுக்கு இடமில்லை.

பதில்: வாசகர், ஈரோடு

மேலே எழுதியவர்களின் நேர்மையை மதிக்கிறேன்; ஆனாலும் ஒரு மறுப்பு உண்டு. வேதம் கால வரிசையைச் சொல்லவில்லை என்பது படித்த பெரியவர்கள் வந்தடைந்த விளக்கம். ஞாயிறு பள்ளிச் சிறுவனுக்கு ஆறு நாள் என்றால் ஆறு நாள்தான். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசமைப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவு 1976 முதல் சொல்லி வருகிறது; வீட்டில் அதைச் செய்ய வேண்டியவர்கள் பெற்றோரே. கதையைக் கதையாகச் சொல்லுங்கள், கூடவே பாபிலோனியரும் பழங்குடியினரும் சொன்ன படைப்புக் கதைகளையும் சொல்லுங்கள். ஒன்று மட்டும் ஏன் உண்மை என்று பிள்ளை கேட்டால் அந்தக் கேள்வியை அடக்காதீர்கள்.

கேள்வி கேட்ட தாய்

அனைவருக்கும் நன்றி. ஈரோட்டு ஐயா, பிற கதைகளையும் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. ஆனால் ஆதியாகமம் எனக்குக் கதை மட்டுமல்ல என்பதையும் பிள்ளைகளிடம் மறைக்க மாட்டேன். அது என் விசுவாசம் என்று சொல்லியே சொல்வேன். மகளிடம் இரண்டு அதிகாரங்களையும் வாசிக்கக் கொடுத்தேன்; வேறுபாடுகளைப் பென்சிலால் குறித்துவைத்திருக்கிறாள். வரும் ஞாயிறு ஆசிரியையைத் தனியே பார்த்து, அந்த அறிவுரையை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப் போகிறேன். அரியலூர் ஐயா, அரையாண்டு விடுமுறையில் வந்தால் சிறுவனும் நடக்க முடியுமா?

பதில்: ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர், அரியலூர்

தாராளமாக நடக்கலாம் அம்மா. காரையில் நிழல் கிடையாது; வெயில் ஏறுமுன் காலையிலேயே பார்த்துவிட்டு, சாத்தனூர்க் கல்மரத்துக்குச் செல்லுங்கள். 18 மீட்டர் நீளத்தில் கல்லாகிக் கிடக்கும் அந்த மரத்தை அடி முதல் நுனி வரை மகனை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். பிறகு வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்கும் போகலாம். ஓடைகளில் கிடப்பவற்றைப் படம் எடுத்துக்கொண்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுமாறு பிள்ளைகளிடம் முன்னதாகவே சொல்லி அழைத்து வாருங்கள்.