கடல்வாத்தா, கடற்றாராவா? வெள்ளிக்குள் சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் வாரயிறுதித் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை வரும் ஞாயிறு நியூ ஜெர்சியின் பார்னெகட் கலங்கரை விளக்கத்துக்குக் கூட்டிப் போகிறோம். குளிர்காலத்தில் அங்குள்ள அலைத்தடுப்புச் சுவரை ஒட்டிக் கடலில் வாழும் வாத்துகள் வந்து தங்கும். போன வாரம் அவற்றில் ஹார்லெக்வின் என்ற வகையின் ஆண் வாத்து ஒன்றை இருபதடி தூரத்தில் படம் எடுத்தேன். சாம்பல் நீல உடம்பு, விலாவில் செங்காவி, முகத்திலும் கழுத்திலும் சுண்ணாம்பால் இழுத்த மாதிரி வெள்ளைக் கோடுகள். பிள்ளைகளுக்குத் தாள் அச்சிட வேண்டும். இந்த வகை வாத்துகள் எல்லாவற்றுக்கும் ஒரு சொல், ஹார்லெக்வினுக்கு ஒரு சொல். வெள்ளி கெடு.

———

அம்மா, வாத்துக்குத் தாரா என்ற சொல் இருக்கிறதே. ஈழத்தில் இன்றும் வழங்குகிறது, மலையாளத்தில் தாறாவு. கடல் + தாரா = கடற்றாரா, கடற்றிரை போல.

ஹார்லெக்வின் என்பது இத்தாலிய நாடகத்தில் ஒட்டுத்துணிச் சட்டை போட்டு வரும் கோமாளி. அறிவியல் பெயரான ஹிஸ்ட்ரியோனிகஸும் இலத்தீனில் நடிகனைத்தான் சுட்டுகிறது. நம் தெருக்கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரன் இருக்கிறான். ஆகவே கட்டியங்காரத் தாரா. கட்டியத்துக்கும் கட்டுரைக்கும் வேர் ஒன்றே என்பது என் துணிபு, தனி மடலில் விரித்து எழுதுகிறேன்.

———

ஐயா, எட்டு வயதுப் பிள்ளை கடற்றாராவை எப்படிப் படிக்கும்? கடற்காகம் என்று சொல்கிறோமே என்பீர்கள். அதில் காகம் முழுசாக நிற்கிறது. இதில் தாராவைத் தேட வேண்டியிருக்கிறது. கடல்வாத்து போதும்.

———

நான் பத்து வருடமாக இந்தப் பறவைகளைப் படம் எடுப்பவன். கட்டியங்காரன் உரத்த குரலில் அவையைக் கூட்டுகிறவன். ஹார்லெக்வினோ சுண்டெலி போலக் கீச்சிடும். கடலெலி என்றே அதற்கு ஒரு நாட்டுப்புறப் பெயர் உண்டு. பூநாரை என்று பெயர் வைத்தவர்கள் பார்த்ததைச் சொன்னார்கள். அந்த வழியில் பூந்தாரா என்பேன்.

அப்புறம், அது முழுகும்போது நாலு எட்டு முன்னே போங்கள், மேலே வரும்போது அசையாமல் குந்தியிருங்கள். வெயிலில் வெள்ளைக் கோடுகள் வெளிறிப் போகும், ஒளியைக் கொஞ்சம் குறைத்து எடுங்கள். பாறையெல்லாம் பாசி. பிள்ளைகளை மேலே ஏற விடாதீர்கள்.

———

‘கடல்’ என்பதே எனக்கு உறுத்துகிறது. ஹார்லெக்வின் ஐஸ்லாந்திலும் கனடாவின் லாப்ரடாரிலும் வேகமாக ஓடும் ஆற்றங்கரையில் முட்டையிடுகிறது. குறுந்தொகை 57-இல் ‘நீருறை மகன்றில்’ என்ற பறவை வருகிறதே, கடலா ஆறா என்ற வம்பே இல்லை. மகன்றில் என்றே சொல்லலாமா?

———

வேண்டாம் அக்கா. சோடிக்கு இடையில் ஒரு பூ வந்தாலே ஓர் ஆண்டு கழிந்ததுபோல் தவிப்பது மகன்றில். இங்கே பெட்டை அடைகாக்கும்போதே ஆண் கடலுக்குப் போய்விடும். திரும்பவும் குளிர்காலக் கரையில்தான் பழைய சோடி சேர்கிறது. அந்தப் பாட்டின் பறவை இதுவல்ல. எது மகன்றில் என்பதிலேயே நமக்குள் முடிவில்லை, அதை அமெரிக்கக் கரையில் ஒட்டவைத்தால் பாட்டைப் படிக்கிறவர்களும் குழம்புவார்கள்.

———

எல்லோருக்கும் நன்றி. நேரமில்லை, தாளை அச்சுக்கு அனுப்பிவிட்டேன். பொதுப்பெயர் கடல்வாத்து: ஐந்து பேர் சரி என்றீர்கள், மற்றவர்கள் பேசவில்லை. ஹார்லெக்வினுக்குப் பூந்தாரா.

———

ஒரே தாளில் வாத்தும் தாராவும் வருவது முறையல்ல அம்மா. என் குறிப்பேட்டில் கடற்றாராதான் இருக்கும். இன்னொன்று. ஞாயிறு அன்று பெட்டை கண்ணில் பட்டால் அதையும் படம் எடுங்கள். உடம்பு முழுக்கப் பழுப்பு, முகத்தில் மட்டும் வெள்ளைப் பொட்டுகள். அதைக் காட்டி எது பூ என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வீர்கள்?