மங்கலாகப் பார்க்கும் கருவியை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

முதுகலை_மாணவி:
அணுக்கரு பிளவில் பிறக்கும் குறுகிய ஆயுள் கருக்களைப் பற்றி வகுப்பில் பேச இருக்கிறேன். பின்லாந்தின் யுவாஸ்கிலாவில் டெக்னீசியம்-105ஐ அளந்தவர்கள் காமா கதிர்களை அளக்கப் பெரிய சோடியம் அயோடைடு படிகத்தைப் பயன்படுத்தினார்களாம். சீசியம்-137இன் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா கோடு ஜெர்மானிய உணரியில் ஊசிபோல் நிற்கிறது. அயோடைடில் பரந்து கிடக்கிறது. பிறகு ஏன் அயோடைடு?

கதிர்_நெல்லை:
அரை ஆயுட்காலம் அளக்க ஜெர்மானியமே போதும். ஒரு காமா கோடு நேரத்தோடு தேய்வதைப் பதிவு செய்தால் முடிந்தது. அயோடைடு விலை குறைவு, அதனால் இருக்கலாம்.

பழைய_கதிரியல்காரன்:
விலை காரணமே இல்லை. அரை ஆயுட்காலத்தைப் பற்றி கதிர் சொல்வது சரி. சிக்கல் ஆற்றல் கணக்கில் இருக்கிறது.

டெக்னீசியம்-105 பீட்டாவை உமிழ்ந்து ருத்தேனியம்-105 ஆகிறது. அது கிளர்ந்த ஆற்றல் மட்டத்தில் பிறந்து, காமாக்களை விட்டபடி படிப்படியாக இறங்குகிறது. ஜெர்மானியத்தை நம்பினால், ஒவ்வொரு மட்டத்திலிருந்தும் வெளியேறும் காமாவிலிருந்து உள்ளே வந்த காமாவைக் கழித்து, மீதியைப் பீட்டாவின் பெயரில் எழுத வேண்டும். உயரத்திலோ மட்டங்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. அங்கிருந்து வருபவை மெல்லிய கோடுகளாகச் சிதறிவிடும். கண்ணில் படாத ஒவ்வொரு காமாவும் கீழ்மட்டத்தின் பீட்டா கணக்கில் ஏறிவிடுகிறது. 1977இல் ஹார்டியும் குழுவினரும் ஒரு கற்பனை அணுக்கருவைக் கணினியில் சிதையவிட்டு இதை நிறுவினார்கள். அந்தக் கருவுக்கு வைத்த பெயர்தான் பாண்டிமோனியம்.

மூலத்தைச் சூழ்ந்து நிற்கும் பெரிய படிகம் ஒரு சிதைவின் காமாக்கள் அத்தனையையும் சேர்த்து விழுங்குகிறது. கிடைக்கும் கூட்டுத்தொகையே மட்டத்தின் ஆற்றல். தனித்தனிக் கோடு தேவையில்லை என்பதால் மங்கல் பெரிய குறையாகாது.

ஆனால் மாசு கலந்தால் இந்தக் கருவியால் பிரித்தறிய முடியாது. அதனால் உழைப்பெல்லாம் மூலத்தைத் தூய்மையாக்குவதில்தான். டெக்னீசியம் எளிதில் ஆவியாகாது. சூடேற்றிய இலக்கிலிருந்து வெளியே வராது. யுவாஸ்கிலாவில் பிளவுத் துணுக்குகளை ஹீலியம் வாயுவில் தடுத்து, அயனிகளாகவே வெளியே இழுக்கிறார்கள். மின், காந்தப் புலங்களால் அயனிகளைப் பிடித்துவைக்கும் பெனிங் பொறியில் நிறை பார்த்து, நிறை எண் 105 கொண்ட கருக்களுக்குள்ளும் வேண்டியதை மட்டும் பிரித்து, ஒரு நாடாவில் பதிக்கிறார்கள். நாடா விட்டுவிட்டு நகர்கிறது. நகராவிட்டால் நாலரை மணி நேர அரை ஆயுட்காலம் கொண்ட ருத்தேனியம்-105 குவிந்து அளவைக் கெடுத்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இந்த நாடாதான்.

2010இல் வெளியான முடிவில் டெக்னீசியம்-105இன் சராசரி காமா ஆற்றல் பழைய தரவைவிட இரண்டு மடங்குக்கும் மேல். புளூட்டோனியம்-239 பிளந்த துணுக்குகள் சிதையும்போது எழும் வெப்பத்தில், அதாவது சிதைவு வெப்பத்தில், காமா பங்கு கணக்கோடு ஒட்டாமல் நின்றதற்குப் பெரும்பகுதி விளக்கம், டெக்னீசியம்-105 உள்ளிட்ட சில கருக்களின் அந்த அளவீடுகளில் கிடைத்தது. நிறுத்திய கணத்தில் அணு உலை தன் திறனில் 6 முதல் 7 சதவீதம் வெப்பத்தைத் தொடர்ந்து தருகிறது. 2011இல் ஃபுகுஷிமாவில் குளிர்விக்க முடியாமல் போனது அந்த வெப்பத்தைத்தான். இதைத் தோராயமாக அறிந்தால் போதும் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முதுகலை_மாணவி:
நன்றி ஐயா. படிகத்திலிருந்தும் சில காமாக்கள் தப்பிவிடாதா?

பழைய_கதிரியல்காரன்:
தப்பும். அதற்காகத்தான் கருவி எப்படிப் பதில் தரும் என்பதைக் கணினியில் உருவகப்படுத்தி, பதிவான நிறமாலையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள். உங்கள் ஆய்வகத்தில் கிணறு வடிவ அயோடைடு இருந்தால் கோபால்ட்-60ஐ உள்ளே வைத்துப் பாருங்கள். 1173, 1332 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கோடுகள் இரண்டோடு, அவற்றின் கூட்டுத்தொகையான 2505இலும் ஒரு மேடு எழும். பிறகு மூலத்தைக் கிணற்றுக்கு வெளியே தள்ளி வையுங்கள். அந்த மேடு எவ்வளவு தேய்கிறது என்பதை வகுப்பில் காட்டுங்கள்.