பயிற்சியில் 560, மேட்ச்சில் 545: ஏர் பிஸ்டலில் கவனம் எங்கே சிதறுகிறது?

குறிவட்டம்:
10 மீட்டர் ஏர் பிஸ்டல். ஒரு ஷாட்டுக்கு அதிகபட்சம் 10 புள்ளி. பயிற்சியில் 60 ஷாட்டுக்கு 560 வருகிறது, மேட்ச்சில் 545ஐத் தாண்டுவதில்லை. ஒரு 7 விழுந்தால் அடுத்த நாலைந்து ஷாட்டும் கூடவே கெட்டுப்போகிறது. மேட்ச்சின் 75 நிமிடமும் மனசை ஒரே இடத்தில் நிறுத்த என்ன பயிற்சி செய்யலாம்? தியானம் உதவுமா?

முன்சைட்:
75 நிமிடம் நிறுத்தப் பார்ப்பதுதான் கோளாறு. ஒரு ஷாட்டுக்கு முழுக் கவனம் 8 விநாடி போதும். 60 ஷாட்டுக்கும் சேர்த்து மொத்தம் 8 நிமிடம்தான். மீதி நேரம் மனசை அவிழ்த்து விடுங்கள். கையை மேசைக்கு இறக்கியதும் டார்கெட்டைப் பார்க்காமல் பெல்லட் (குண்டு) டப்பாவையோ தரையையோ பாருங்கள்.

அந்த 8 விநாடி உங்கள் பார்வை, முன் சைட்டின் (குழல் நுனியில் உள்ள குறிமுனை) மேல் விளிம்பிலேயே இருக்கட்டும். கறுப்பு வட்டம் மங்கலாகத்தான் தெரிய வேண்டும். கை ஆடி, பிஸ்டல் அப்படியே 5 மி.மீ. நகர்ந்தால் டார்கெட்டிலும் 5 மி.மீ.தான், 10 எங்கும் போகாது. இரண்டு சைட்டுக்கும் இடைவெளி 33 செ.மீ. என்று வையுங்கள். முன் சைட், பின் சைட்டின் பள்ளத்துக்குள் 1 மி.மீ. விலகினால் டார்கெட்டில் 30 மி.மீ. விலகிவிடும். உங்கள் 7 அதுதான். 'பத்து அடிக்கணும்' என்று நினைத்த நொடியில் கண் வட்டத்துக்கு ஓடுகிறது, சைட் சாய்கிறது.

விரல்நுனி:
முன்சைட் அண்ணன் சொன்னது சரி. அதோட டிரிகரையும் பாருங்க. அதோட முதல் கட்டத்தை, அதாவது லேசா நகர்ந்து முட்டி நிக்கிற வரைக்கும் உள்ள இழுப்பை, கை இறங்கி வரும்போதே எடுத்துடணும். வட்டத்துக்குக் கீழ வந்து நின்னதும் அழுத்தம் நிக்காம ஏறிக்கிட்டே இருக்கணும். 'இப்போ!'ன்னு மனசு சொல்லி விரல் இழுத்தா மணிக்கட்டும் சேர்ந்து இழுக்கும். 10 விநாடியில விடலைன்னா கையை இறக்கிடுங்க. அதுக்கு மேல தசை நடுங்கும், கண்ணும் களைச்சு, சைட் சாய்ஞ்சது தெரியாமலே போயிடும்.

வீட்டுல தினம் 20 நிமிஷம், வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்து டிரை ஃபயர், அதாவது பெல்லட் போடாம டிரிகரை மட்டும் இழுக்கிற பயிற்சி. பெல்லட் இல்லைன்னு ரெண்டு தடவை பார்த்துட்டு ஆரம்பிங்க. குறி இல்லாததால கண்ணுக்கு ஓட இடமே இருக்காது. ஒவ்வொரு தடவையும் டிரிகர் விடுபட்ட நொடியில முன் சைட் எங்க இருந்துச்சுன்னு வாய்விட்டுச் சொல்லுங்க, 'நேர்', 'இடது', 'கீழ்'னு. சொல்ல முடியலைன்னா அப்போ கவனம் அங்க இல்லைன்னு அர்த்தம்.

குறிவட்டம்:
நன்றி அண்ணா. 7 விழுந்த உடனே என்ன செய்வது?

முன்சைட்:
ஒரு ஷாட்டுக்குச் சராசரியாக 75 விநாடி இருக்கிறது, ஆகவே ஒரு நிமிடம் சும்மா நிற்பதால் நஷ்டமில்லை. பிஸ்டலை வையுங்கள். மூச்சை மெதுவாக நான்கு தடவை வெளியே விடுங்கள். அடுத்த ஷாட்டுக்கு ஒரே ஒரு சொல், 'விளிம்பு' என்று வைத்துக்கொள்ளுங்கள். 7ஐ ஈடுகட்ட 10 தேடாதீர்கள், அந்தத் தேடல்தான் அடுத்த நாலையும் கெடுக்கிறது.

தியானம் உதவும். 10 நிமிடம் மூச்சை எண்ணுங்கள். எண்ணிக்கை தவறியதைச் சட்டென்று கண்டுபிடித்துத் திரும்பி வருவதுதான் நமக்கு வேண்டிய பயிற்சி. பயிற்சி நோட்டில் மதிப்பெண்ணை எழுத வேண்டாம். சைட்டும் டிரிகரும் சரியாக நடந்த ஷாட்டுக்கு மட்டும் ஒரு டிக். அப்படிச் சரியாக நடந்து 9 விழுந்தாலும் டிக்தான், இழுத்துவிட்டு அதிர்ஷ்டத்தில் 10 விழுந்தால் டிக் கிடையாது.