கொட்டுக்காளி பாதியிலேயே நின்றுவிட்டது, மெய்யழகனை வெட்டியது சரிதான்: சமீபத்தில் பார்த்த படங்கள்

கடைசிவரிசை:
நான் விமர்சகன் இல்லை. ஓய்வு கிடைத்தால் படம் பார்ப்பவன், அவ்வளவுதான். 2024இல் வந்து எல்லோரும் பேசிய சில படங்களை இப்போதுதான் வரிசையாகப் பார்த்தேன். கதை விவரம் எல்லாம் வரும், பார்க்காதவர்கள் தாண்டிப் போய்விடுங்கள்.

மகாராஜாவுக்குத்தான் என் முதல் இடம். குப்பைத்தொட்டி காணாமல் போய்விட்டது என்று மகாராஜா என்ற முடிதிருத்துபவர் போலீஸ் ஸ்டேஷனுக்கு வருகிறார், சிரிக்கிறார்கள், அடிக்கிறார்கள், அப்போதும் நகராமல் லட்சக்கணக்கில் பணம் தருகிறேன் கண்டுபிடித்துக் கொடுங்கள் என்கிறார். அந்த ஒரு முடிச்சை வைத்துக் கடைசி வரை கட்டிப்போட்டுவிட்டார் இயக்குநர் நித்திலன். லப்பர் பந்து அடுத்தது. மாமனாரும் மருமகனும் ஆகப்போகிறவர்கள் கிரிக்கெட்டில் முறைத்துக்கொள்கிறார்கள் என்பது சின்ன விஷயம்தான், ஆனால் 'நீ பொட்டு வச்ச தங்கக் குடம்' பாட்டோடு அட்டகத்தி தினேஷ் மட்டையைப் பிடித்து நிற்கும்போது எனக்கே விசில் அடிக்கத் தோன்றியது. டிமான்டி காலனி 2 பரவாயில்லை, ஆனால் முதல் பாகத்தில் ஓர் அறைக்குள் அடைத்து வைத்துக் காட்டிய பயம் இதில் இல்லை. மெய்யழகன் நல்ல படம், ஆனால் நீளம். ரிலீசுக்கு அப்புறம் சுமார் 18 நிமிடம் வெட்டினார்களே, அது சரியான முடிவு. கொட்டுக்காளி... மன்னிக்கவும், அது முடியவே இல்லை. ஆட்டோவில் போகிறார்கள், போகிறார்கள், போய்ச் சேர்ந்ததும் படத்தை நிறுத்திவிட்டார்கள். என்னோடு பார்த்தவர்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

ரீல்பெட்டி:
நண்பரே, கொட்டுக்காளி முடிகிறது. எங்கே முடிய வேண்டுமோ அங்கே முடிகிறது. மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி, வேற்றுச் சாதிப் பையனை விரும்பியதற்காக அவளை ஒரு சாமியாரிடம் கூட்டிப்போகிறார்கள். வழி முழுக்க அவள் பேசுவதே இல்லை என்று சொல்லலாம். எங்கோ ஒலிபெருக்கியில் போகும் பாட்டை வாய்க்குள் முணுமுணுக்கிறாள், அதற்கே அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவராக வரும் சூரி வெறிபிடித்தவர் மாதிரி எல்லோரையும் அடிக்கிறார். அதே ஆள் கடைசியில், சாமியார் இன்னொரு பெண்ணை என்ன செய்கிறார் என்று நேரில் பார்க்கிறார். பார்த்தபின் அவர் முகம் மாறுகிறது. இதற்குமேல் இயக்குநர் வினோத்ராஜ் என்ன காட்ட வேண்டும்? அவர் திருந்தினார் என்று காட்டினால் பொய்யாகியிருக்கும், திருந்தவில்லை என்று காட்டினால் நாம் உச்சுக்கொட்டிவிட்டுப் போயிருப்போம்.

கடைசிவரிசை:
சரி, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் படம் பார்க்க உட்காருபவனுக்கும் ஒரு மரியாதை வேண்டாமா? பின்னணி இசை இல்லை, ஒத்துக்கொள்கிறேன், அந்த ஆட்டோ சத்தமும் காற்றும் நன்றாகத்தான் இருந்தன. வழியை மறித்து நிற்கும் மாட்டை ஒரு சின்னப் பெண் வந்து சர்வசாதாரணமாகக் கூட்டிப்போகிற இடம் அருமை, இத்தனை ஆம்பிளைகளும் பயந்து நின்றுகொண்டிருக்கிறார்கள். அதையெல்லாம் ரசித்துவிட்டுத்தான் கேட்கிறேன், இவ்வளவு தூரம் கூடவே வந்தவனுக்கு மீனாவின் கதி என்ன என்று தெரியக் கூடாதா?

மழைக்காகம்:
கொட்டுக்காளியில் மீனாவின் கதி என்ன என்று இவ்வளவு கவலைப்படும் நீங்கள் மகாராஜாவுக்கு முதல் இடம் கொடுத்திருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அந்தப் படத்தின் மையத்தில் இருப்பது ஒரு சிறுமிக்கு நடந்த பாலியல் கொடுமை. அதைப் படம் நம்மிடம் நேராகச் சொல்லவில்லை, ஒளித்து வைக்கிறது. குப்பைத்தொட்டி, போலீஸ் காமெடி என்று முதல் பாதியில் சிரிக்கவைத்து, சஸ்பென்ஸ் உடையும் இடத்தில் 'இதோ பார்' என்று எடுத்து நீட்டுகிறது. மகாராஜாவின் மகளாக வளரும் ஜோதி என்ற அந்தச் சிறுமிக்கு நடந்தது ஒரு திரைக்கதைத் திருப்பமாக ஆகிவிட்டது. அதோடு நிற்கவில்லை, அந்தப் பெண் யாருடைய மகள் என்று இரண்டாவது திருப்பமும் அவள் மேலேயே ஏறுகிறது. முழுப் பாரமும் அவள் தலையில், கைதட்டல் மட்டும் எடிட்டிங்குக்கு.

கடைசிவரிசை:
இதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். வில்லன் செல்வத்தின் கதையும் மகாராஜாவின் கதையும் ஒரே காலத்தில் நடப்பது மாதிரி காட்டி, நடுவில் பல வருடம் இருக்கிறது என்று நமக்குத் தெரியும்போது வயிற்றைப் பிசைகிறதே, அது வெறும் வித்தை இல்லை. தன் மகளுக்கு வாங்கிய நகையைச் சலூனில் மறந்துவிட்டுப் போகிறான் செல்வம், அதைத் திருப்பிக் கொடுக்கப் போனதுதான் மகாராஜா செய்த குற்றம். தன்னைப் போலீஸிடம் காட்டிக்கொடுத்தவன் என்று செல்வம் அவனைத் தப்பாக நினைத்துப் பல வருடம் வஞ்சம் வளர்க்கிறான். நேர்கோட்டில் சொல்லியிருந்தால் இதை ஒரு பழிவாங்கும் கதையாகப் பார்த்துவிட்டுப் போயிருப்போம். அப்புறம் ஜோதி வெறுமனே அழுதுகொண்டு நிற்கவில்லை, செல்வத்தை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று கேட்கிறாள், போய் அவன் முகத்துக்கு நேராகப் பேசுகிறாள்.

மழைக்காகம்:
பேசுகிறாள், ஆனால் அந்தக் காட்சி யாருக்காக இருக்கிறது? செல்வத்துக்காக. அவன் உடைந்து போவதற்காக. கடைசியில் அவன் ரத்தம் அவளுடைய காலடித் தடத்தில் சொட்டுவதைக் காட்டுகிறார்களே, அங்கும் தண்டனை பெறுகிற, அவளைப் பெற்ற அப்பாவான செல்வத்தின் வேதனைதான் பெரிதாக நிற்கிறது. அதற்கப்புறம் அவள் என்ன ஆனாள், பள்ளிக்குப் போனாளா, தூங்கினாளா, ஒன்றும் கிடையாது. கொட்டுக்காளியில் முடிவைக் கேட்டீர்களே, இங்கே ஏன் கேட்கவில்லை? இங்கே வில்லன் செத்ததும் படம் முடிந்துவிட்டதாக உங்களுக்குத் தோன்றிவிட்டது.

ரீல்பெட்டி:
மழைக்காகம் சொன்னதோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். நித்திலனின் கைத்திறமையைக் குறை சொல்ல மாட்டேன், அந்த நடிகர்களையும்தான். ஆனால் இரண்டாவது தடவை பார்த்தால் முதல் பாதியில் சிரிக்க முடியவில்லை.

மெய்யழகனுக்கு வருகிறேன். அந்த 18 நிமிடம் வெட்டியதைச் சரி என்கிறீர்கள். ஒருத்தன் விட்டுப்போன ஊருக்கு 20 வருடத்துக்கு மேல் கழித்து ஒரு கல்யாணத்துக்கு வருகிறான், பேர் நினைவில்லாத ஒரு சொந்தக்காரன், கார்த்தி, அவனை 'அத்தான் அத்தான்' என்று விடாமல் பேசிப் பேசியே கரைக்கிறான். படமே அந்தப் பேச்சுதான். ஊருக்கு வந்த அரவிந்த்சாமிக்கு எரிச்சல் வர வேண்டும், நமக்கும் வர வேண்டும், அப்போதுதான் அவர் விட்டுப்போன பழைய சைக்கிள்தான் அந்தச் சொந்தக்காரன் குடும்பத்தைத் தூக்கிவிட்டது என்ற கதை வரும்போது அவரோடு சேர்ந்து நாமும் கூனிக்குறுகுவோம். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் என்று பயந்து பேச்சைக் குறைத்தால், அவன் அன்பைக் குறைத்த மாதிரி.

கடைசிவரிசை:
இதே இயக்குநர் பிரேம்குமாரின் 96 கூட பெரும்பாலும் ஒரே இரவுதான், அதிலும் பேச்சுதான், அங்கே எனக்கு ஒரு நிமிடம்கூட நீளமாகத் தெரியவில்லை. ஏனென்றால் பழைய காதலர்களான ராமும் ஜானுவும் சொல்லாமல் விட்டதுதான் அதிகம். மெய்யழகனில் கார்த்தி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். கல்யாண மேடையில் தங்கச்சிக்குக் கொலுசு போட்டுவிடும் காட்சியைப் பாருங்கள், பேச்சே பெரிதாக இல்லை, அரவிந்த்சாமி குனிந்து கொலுசை மாட்டுகிறார், அந்தப் பெண் அழுகிறாள், நானும் அழுதேன். அந்த அளவுக்கு எடுக்கத் தெரிந்தவர் பின்பாதியில் ஏன் இவ்வளவு வாய்விட்டுப் பேச வேண்டும்? வெட்டியதால் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

மழைக்காகம்:
இதில் நான் கடைசிவரிசை பக்கம். ஆனால் ஒரு திருத்தம், வெட்டுவதாக இருந்தால் ரிலீசுக்கு முன்னால் எடிட்டிங் மேசையில் வெட்டியிருக்க வேண்டும். முதல் நாள் பார்த்தவன் ஒரு படமும் அடுத்த வாரம் பார்த்தவன் இன்னொரு படமும் பார்த்தால், நாம் மூன்று பேரும் இப்போது எந்த மெய்யழகனைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்?

ரீல்பெட்டி:
அதைத்தான் நானும் கேட்கிறேன். நான் பார்த்தது முழுப்படம். கடைசிவரிசை, நீங்கள் பார்த்தது வெட்டிய படம் என்றால், குறை தெரியவில்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? என்ன போனது என்பதே உங்களுக்குத் தெரியாதே.

கடைசிவரிசை:
போனது தெரியாமலேயே படம் எனக்குப் பிடித்திருக்கிறது, நான் சொல்வதும் அதுதான். ஆனாலும் கொட்டுக்காளிக்கு நான் இன்னும் இறங்கி வரவில்லை. மீனா அந்தச் சாமியார் முன்னால் உட்காருவாளா மாட்டாளா என்று யாராவது படத்துக்குள்ளிருந்தே எடுத்துக்காட்டிப் பதில் சொல்லுங்கள், கேட்கிறேன்.